ஆறு மணி வண்டியும் நிழல் பயணிகளும்

1

இந்தக் கதை ஒரு சில்லறைக் காசின் சத்தத்திலிருந்து பிறந்தது. பேருந்து இருக்கையின் இரும்புக் கம்பியில் காசால் இரண்டு தட்டு. டிங், டிங். அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நான் இரண்டடி தூரத்தில் நின்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். அந்த எரிச்சல் இரண்டு வருடமாக அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அழகாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நான் முந்திரி வியாபாரி. பண்ருட்டிக்காரன். கானாவில், அசூக்ரோம் என்ற ஊரில், பதினேழு வருடமாகக் கொட்டையை அறுத்துப் பார்த்து, பருப்பு நல்லதா சொத்தையா என்று சொல்லிப் பிழைக்கிறேன். (அசூக்ரோமைத் தேடாதீர்கள், ஊர்ப் பெயரை மாற்றிவிட்டேன். பேருந்துக் கழகத்துக்குப் பெயரே வைக்கப்போவதில்லை. வைத்தால் பெயரைப் பற்றித்தான் பேசுவீர்கள்.)

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"விடிகாலைப் பனியில் நனைந்த அந்தப் புத்தம்புதிய நீலப் பேருந்து, ஒரு தேசத்தின் கனவைச் சுமந்துகொண்டு..."

அடித்துவிட்டேன். ஜனவரியில் எங்களுக்குப் பனி ஏது? வடக்கிலிருந்து புழுதிக்காற்று வந்து மூக்கையும் உதட்டையும் வெடிக்கவைக்கும் மாதம் அது. கனவாம், தேசமாம்! அந்த வண்டி எதைச் சுமந்தது என்று எனக்கல்லவா தெரியும்.

இரண்டாவது தொடக்கம்:

"ஃப்ரேமா பதினொரு வருடமாகத் தினமும் வண்டியில் ஏறினாள். ஒருநாள்கூட எந்த ஊருக்கும் போனதில்லை."

இது இருக்கட்டும். இது பொய்யில்லை.

2

எங்கள் ஊர் நிலையத்தில் வண்டிகளுக்கு நேரம் கிடையாது. ட்ரோட்ரோ என்று நாங்கள் சொல்லும் வேன், இருபத்துமூன்று இருக்கையும் நிரம்பினால் கிளம்பும். நிரம்பாவிட்டால் நிற்கும். ஒரு மணி நேரமோ நாலு மணி நேரமோ, யாரும் யாரையும் கேட்க முடியாது. இதனால் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். காலியாக இருந்தால் ஏறமாட்டார்கள். முதலில் ஏறுகிறவன்தானே வெந்து சாக வேண்டும்? நாலைந்து இருக்கைதான் பாக்கி என்றால் அடித்துப் பிடித்து ஏறுவார்கள்.

நிலையத் தலைவர் செரெமே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கூலிக்கு ஆட்களை உட்காரவைப்பது. அவர்களுக்கு நிழல் என்று பெயர். மடியில் பையை வைத்துக்கொண்டு, எங்கேயோ அவசரமாகப் போகிற முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். நிஜப் பயணி வந்தால் கண்டக்டர் கம்பியில் காசால் இரண்டு தட்டுத் தட்டுவான். ஒரு நிழல் எழுந்து இறங்கிப் போய்விடும். வண்டி கிளம்பும்போது அத்தனை நிழல்களும் கீழே நின்றுகொண்டிருக்கும், அடுத்த வண்டிக்காக.*

* இதில் மோசடி என்ன இருக்கிறது என்று செரெமே என்னிடம் கேட்டிருக்கிறார். மூட்டையின் மேல்பக்கம் நல்ல கொட்டையைப் பரப்பிவைக்கிற தொழில் என்னுடையது.

ஃப்ரேமா அந்த நிலையத்திலேயே கெட்டிக்கார நிழல். நாற்பத்தாறு வயது. புருஷன் இல்லை, போமா என்று ஒரே மகள். ஒருதரம் அவளிடம், எங்கள் வண்டிகள் போகும் பெரிய நகரத்தைப் பற்றிக் கேட்டேன். (அவளுக்கு நான் 'இந்தியா'.)

"குமாசி எப்படியிருக்கும் ஃப்ரேமா?"

"எனக்கென்ன தெரியும் இந்தியா? குமாசி வண்டில ஆயிரம் தடவ ஏறிருக்கேன். வண்டி கெளம்புறப்ப கீழ நின்னு கையாட்டுவேன்."

"போகணும்னு தோணாதா?"

"ஏன், நீ கூட்டிட்டுப் போறியா?" என்று சிரித்தாள். "என் வேலைய என்னன்னு நெனச்ச? ஏறுறது எல்லாருக்கும் வரும். எறங்குறதுலதான் இருக்கு சூட்சுமம். பக்கத்துல உக்காந்திருக்கவனுக்கே தெரியக்கூடாது. டிங் டிங்னா உடம்பு தானா எந்திரிக்கணும். யோசிச்சா மாட்டிக்குவ."

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்தாளன் இப்படிச் சொல்லமாட்டான், நீங்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவான். எனக்கு அதற்குப் பொறுமையில்லை.

3

இரண்டு வருடம் முன்புதான் தேசியப் பேருந்து வந்தது. நாடு முழுக்க ஓடும், அரசாங்க வண்டி. நாற்பத்தைந்து இருக்கை. நிலையத்து வாசலில் ஒரு பலகை நட்டார்கள்: குமாசி, காலை ஆறு மணி. நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஆறு மணி.

ஃப்ரேமா அந்தப் பலகை முன்னால் நின்று செரெமேயைக் கேட்டாள்.

"மாஸ்டர், ஒத்த ஆள் இருந்தாக்கூடக் கெளம்பிடுமா?"

"கெளம்பிடுமாம்."

"ஒத்த ஆளுக்கா? அவன் என்ன ராஜாவா?"

"ராஜா எங்கடி பஸ்ல போறான்? நீயும் நானும் போனாலும் அப்படித்தானாம். கலிகாலம். என் பொழப்புல மண்ணு."

ஃப்ரேமா சிரிக்கவில்லை. அவளுக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் போமாவுக்கு குமாசியில் நர்ஸ் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. காலை பத்து மணிக்கு, அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். போமா தனியாக ஐந்து மணிக்கே ட்ரோட்ரோவில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நிரம்ப ஒன்பதாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது கேட்டைப் பூட்டியிருந்தார்கள். "நேரத்துக்கு வரத் தெரியாதவங்க நர்சாகி என்ன பண்ணப் போறீங்க?" என்று காவலாளி கேட்டானாம். அந்த வருடம் மறுபடி கடிதம் வந்திருந்தது. போமாவுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. இன்னொரு வருடம் கிடையாது.

இங்கே கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். கதை காத்திருக்கட்டும், அதற்கென்ன, ஏழைகளே காத்திருக்கிறார்கள். பொதுப் பேருந்து என்றால் என்ன? சக்கரம் வைத்த தகரப் பெட்டியா? "உன் பத்து மணியும் பத்து மணிதான்" என்று ஓர் அரசாங்கம் கார் இல்லாதவனுக்குக் கொடுக்கிற வாக்கு அது. கார் வைத்திருப்பவனுக்குத் தன் நேரம் தன் சட்டைப்பையில் இருக்கிறது. இல்லாதவனின் நேரம் மற்ற இருபத்திரண்டு பேரிடம் இருக்கிறது. இதை மாற்ற வந்த வண்டியை என்ன செய்தார்கள் தெரியுமா? வருகிறேன்.

4

சோதனை ஓட்டம் ஒரு வாரம். யாரும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? எட்டிப் பார்த்தார்கள், காலியாக இருந்தது, போய்விட்டார்கள். காலி வண்டி கிளம்பும் என்று அந்த ஊரில் எவன் நம்புவான்? ஆறு மணிக்கு நாற்பத்தைந்து இருக்கையும் காலியாக வண்டி புறப்பட்டுப் போகும்போது, "பேய்ங்களுக்குன்னு பஸ் விட்டிருக்காங்க டோய்!" என்று ட்ரோட்ரோக்காரர்கள் கைதட்டினார்கள்.

தலைநகரிலிருந்து பேருந்துக் கழகத்தின் மேலாளர் ஓடிவந்தார். வியாழக்கிழமை தொடக்கவிழா. துணை அமைச்சர் வருகிறார், பத்திரிகை வருகிறது. அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு மாதம் பொறுத்திருப்பது. வண்டி தினமும் ஆறு மணிக்குப் போகிறதைப் பார்த்திருந்தால் ஜனங்கள் தானாக ஏறியிருப்பார்கள். அதைச் செய்யாமல் செரெமேயைக் கூப்பிட்டார்.

"உங்க ஆளுங்க எத்தன பேர் இருக்காங்க?"

"நெழலுங்களா? நாப்பதுக்கு மேல தேறும் சார்."

"எல்லாரையும் ஏத்துங்க. கையில ஆளுக்கு ஒரு டிக்கெட் குடுங்க, படத்துல தெரியட்டும். போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது."

நேரத்துக்குப் போகும் வண்டியை, நேரமில்லாத வண்டிகளின் தந்திரத்தால் நிரப்பினார்கள். நெஞ்சு பொறுக்குதா உங்களுக்கு?

அந்த வியாழக்கிழமைதான் போமாவின் நேர்முகத் தேர்வு. ஃப்ரேமா முதல்நாளே கவுன்ட்டருக்குப் போய் இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாள். நிஜ டிக்கெட். ஐந்தரைக்கே வந்து ஏறினார்கள். நிழல்கள் பாதி வண்டியை அடைத்திருந்தன. போமாவுக்குக் கடைசி வரிசை ஜன்னல் கிடைத்தது. ஃப்ரேமாவுக்கு முன்வரிசை. சான்றிதழ் கோப்பு அவள் இடுப்புத் துணிக்குள். புழுதி படக்கூடாது என்று மகளிடமிருந்து வாங்கி அவளே செருகிக்கொண்டாள்.

"என்ன ஃப்ரேமாக்கா, இன்னிக்கும் டூட்டியா?" என்று பக்கத்து நிழல் கேட்டதாம்.

"இன்னிக்கு நான் பேசஞ்சர்டி. தள்ளி உக்காரு."

பக்கத்து நிழல் விழுந்து விழுந்து சிரித்ததாம்.

5

இப்போது ஒரு பாத்திரம் வரவேண்டும். முதல் வரைவில் அவரை இப்படி எழுதியிருந்தேன்:

"உள்ளூர் வணிகப் பிரமுகர் ஒருவர், பருத்த உடலும் பட்டுச் சட்டையுமாக, படத்தில் நிற்பதற்கென்றே அழைக்கப்பட்டிருந்தார்."

இந்த ஆளை நான் நம்பவில்லை. பருத்த உடல், பட்டுச் சட்டை: யாரைத் திட்ட வேண்டுமோ அவனைக் குண்டாக்கிவிடுவது எழுத்தாளனின் சோம்பேறித்தனம். இரண்டாவது வரைவில் அவரை லெபனான் வியாபாரி ஆக்கினேன். மூன்றாவதில் சிமென்ட் ஏஜென்ட். நாலாவது வரைவில் ஆளே இல்லை, இருக்கை தானாகக் காலியானது.

போதும். அது நான்.

மேலாளர் எனக்கு அழைப்பு அனுப்பியிருந்தார். ஐந்து ஐம்பத்தைந்துக்கு வண்டிக்குள் ஏறினேன். ஒல்லியான உடம்பு, பருத்திச் சட்டை, கழுத்தில் அவர்கள் போட்ட துண்டு. வெளியே பித்தளை வாத்தியம் காதைப் பிளந்தது. வண்டியில் இடமில்லை. "நம்ம கெஸ்டுக்கு முன்னாடி ஒரு சீட் பாருப்பா" என்றார் மேலாளர். கண்டக்டர் பாஃபோ, எட்டு வருடமாக அந்த நிலையத்தில் வேலை பார்க்கிறவன், முன்வரிசையில் தெரிந்த முகத்தைப் பார்த்தான். பையிலிருந்து காசை எடுத்தான்.

டிங், டிங்.

ஃப்ரேமா எழுந்தாள். பதினொரு வருடப் பழக்கம். யோசித்தால் மாட்டிக்கொள்வாய். உடம்பு தானாக எழுந்தது, தானாக நடந்தது, யாருக்கும் தெரியாமல் படியிறங்கியது. கடைசி வரிசையில் இருந்த மகளுக்குக்கூடத் தெரியவில்லை. அந்த அளவுக்குத் தன் வேலையில் கெட்டிக்காரி அவள். நான் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். சூடாக இருந்தது.

தரையில் கால் பட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. திரும்பி ஓடிவந்து கதவைப் பிடித்தாள்.

"பாஃபோ! நான் நெழல் இல்லடா இன்னிக்கு! டிக்கெட் இருக்குடா!"

"எல்லார்கிட்டயும்தான் இருக்கு அக்கா. நாந்தான குடுத்தேன்."

"இது நான் காசு குடுத்து வாங்கினது! எம்பொண்ணு உள்ள இருக்கா!"

"வெளையாடாத அக்கா, அமைச்சர் பாக்குறாரு."

அப்போது ஃப்ரேமாவின் கண்களில்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. நான் அவள் கண்ணைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, படத்துக்காகக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். இந்தப் பேச்செல்லாம் செரெமே எனக்குப் பிறகு சொன்னது.)

ஆறு மணி. கதவு மூடியது. அந்த நிலையத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக நிரம்பிய வண்டி ஒன்று சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. உள்ளே நாற்பத்துமூன்று நிழல்கள், ஒரு முந்திரி வியாபாரி, ஒரு நிஜப் பயணி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

6

ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க். ஆறு பத்துக்கு அங்கே நிறுத்தி எங்களை இறக்கினார்கள். நிழல்கள் தபதபவென்று இறங்கின. "வண்டி நெஜமாவே கெளம்பிடுச்சே, நான் அடுப்புல கஞ்சிய வெச்சிட்டு வந்தேன்!" என்று ஒருத்தி தலையிலடித்துக்கொண்டாள். திரும்பிப் போக வண்டி அனுப்புவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அனுப்பவில்லை. ஐந்து மைலும் நடந்து வந்தார்கள்.

வண்டிக்குள் ஒரு பெண் டிரைவரிடம் அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணே, எங்கம்மா ஏறல. பேப்பரெல்லாம் அவங்ககிட்ட. அஞ்சு நிமிஷம் நில்லுங்கண்ணே!"

"எனக்கு நேரம்மா, நேரம். ஒருத்தருக்காக நிறுத்துனா அப்புறம் இது அரசாங்க வண்டியா?"

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அது போமா என்று எனக்குத் தெரியாது, அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. "பரவாயில்லையே, நேரத்தை மதிக்கிற டிரைவர்" என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார். நாற்பத்துநாலு காலி இருக்கையோடு வண்டி குமாசிக்குப் போனது. அம்மா போனில் சொன்னதைக் கேட்டு போமா அதிலேயே உட்கார்ந்திருந்தாள்: "நீ போ. எறங்காத. நான் பின்னாலயே வந்துடறேன்."

பின்னாலயே வருவதற்கு ஃப்ரேமா குமாசி ட்ரோட்ரோவில் ஏறி உட்கார்ந்தாள். முதல் ஆள். வேன் காலி. நிரப்பிக் காட்ட நிலையத்தில் ஒரு நிழல்கூட இல்லை. எல்லாரும் தேசியப் பேருந்தின் புண்ணியத்தில் பெட்ரோல் பங்க்கிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஜனங்கள் வந்தார்கள், எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஃப்ரேமா மட்டும். அவளை யாருக்குத் தெரியாது? "அட, நம்ம நெழலு" என்று போய்விட்டார்கள்.

"நான் நெஜமா போறேன்யா! ஏறுங்க! ஏறினா கெளம்பிடும்!" என்று கத்தினாளாம். நிழல் எப்போதும் அப்படித்தானே சொல்லும்?*

* தனி டாக்சி பிடிக்கலாமே என்று கேட்கிறவர்கள் நூற்றிருபது கிலோமீட்டருக்கு டாக்சி பிடிக்கிறவர்களாக இருப்பீர்கள். போனில் படமெடுத்து அனுப்பலாமே என்பவர்களுக்கு: அசல் வேண்டும் என்று கடிதத்தில் கோடிட்டு எழுதியிருந்தது.

ஏழேகால் மணிக்கு மேலாளரின் காரில் நான் நிலையத்துக்குத் திரும்பினேன். வேன் ஜன்னலில் ஃப்ரேமா. இடுப்பிலிருந்து எடுத்த கோப்பை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். நான் நினைத்தேன், ஆகா, விழா நாளில்கூட வேலைக்கு வந்துவிட்டாளே, கெட்டிக்காரி! கையாட்டிவிட்டு என் பிக்கப் வண்டியில் ஏறிக் கிடங்குக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் செரெமே சொன்னார். மறுநாள் அவளைத் தேடிப் போனேன். "என் மேல கோவமா?" என்று கேட்டேன். என்ன ஒரு கேள்வி!

"உன் மேல எதுக்கு? நீ உக்காந்த, அவ்ளோதான். நான் ஏன் எந்திரிச்சேன் இந்தியா? டிங்குன்னா எந்திரிச்சிருவியாடி நீ, நாய் மாதிரி? நேத்துலேருந்து அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவளுக்கு அவள் மேல் கோபம். மேலாளர் மேல் இல்லை, அமைச்சர் மேல் இல்லை, பலகை மேல் இல்லை, என் மேல் இல்லை. இத்தனை பேர் சேர்ந்து செய்த அயோக்கியத்தனத்துக்கு அவள் தன் முழங்காலைத் திட்டிக்கொண்டிருந்தாள். இதுதான் எனக்கு இன்றைக்கும் பற்றியெரிகிறது.

7

முடிவுகள்.

முதல் முடிவு: முந்திரி வியாபாரி ஏழேகாலுக்கு நிற்கிறான். "என்ன ஃப்ரேமா?" என்று கேட்கிறான். பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பறக்கிறான், ஒன்பதே முக்காலுக்குக் கல்லூரி வாசல். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான் நல்லவனாகிக்கொண்டே போனேன். கிழித்தேன்.

இரண்டாவது முடிவு: பத்திரிகையில் உண்மை வருகிறது, மேலாளர் தலை உருள்கிறது. சிரிக்காதீர்கள். பத்திரிகையில் வந்தது என் படம்: நிரம்பிய வண்டி, முன்வரிசையில் நான், கீழே "மக்கள் வெள்ளத்தில் முதல் பயணம்". எட்டு மாதத்தில் சேவையை நிறுத்தினார்கள். அறிக்கையில் ஒரு வரி இருந்ததாம்: 'இப்பகுதி மக்களிடம் நேரம் பேணும் பழக்கம் இல்லை.' யாரிடம்? ஐந்தரைக்கு வந்து உட்கார்ந்தவளிடமா?

மூன்றாவது, நடந்த முடிவு. அந்த வேன் எத்தனை மணிக்குக் கிளம்பியது, அல்லது கிளம்பியதா, கேட் திறந்திருந்ததா, போமா இப்போது எங்கே: எல்லாம் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவள் தோற்றாள் என்றால் "ச்சே, பாவம்" என்பீர்கள். ஜெயித்தாள் என்றால் "அப்பாடா" என்பீர்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் எழுந்து போய்விடுவீர்கள். படிக்கிறவர்களும் அப்படித்தான். எங்கேயோ அவசரமாகப் போகிற முகத்தோடு கதைக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். கடைசி வரி வந்ததும் பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடத் தெரியாமல் இறங்கிவிடுவீர்கள்.

அதனால் கதையை ஏழேகாலில் நிறுத்துகிறேன். வேனில் இருபத்துமூன்று இருக்கை. ஒன்றில் ஃப்ரேமா, மடியில் மகளின் சான்றிதழ். அவளுக்குப் பக்கத்தில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். பாக்கி இருபத்தொன்று. வெளியே ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

கம்பியில் நான் காசால் தட்டப்போகிறேன். எழுந்திருக்காதீர்கள்.